புனைவில் ஆட்டிசம்: நேர்ப்பொருளும் வீட்டு மொழியும்

கதைமாந்தரை வாசகர்க்கு அறிமுகப்படுத்தும் வழிகளுள் பேச்சே தலையாயது. உருவமும் உடையும் வருணனையால் தெரியவரும்; உள்ளம் பேச்சால் தெரியவரும். ஆட்டிசமுடைய மாந்தரைப் படைக்கும் ஆசிரியர்க்கு இவ்வழியே இடர்ப்பாடாகவும் அமைகிறது. அம்மாந்தரின் பேச்சு பிறர் பேச்சினின்றும் வேறுபட்டது. அவருள் சிலர் பேசுவதே இல்லை. ஆதலால் ஆட்டிசத்தைப் புனைவில் காட்டுதல் மருத்துவச் செய்தி பற்றிய சிக்கலாவதற்கு முன்னரே மொழிச் சிக்கலாகிவிடுகிறது.

ஆட்டிசமுடையோர் சொல்லின் நேர்ப்பொருளையே கொள்வர், உருவகத்தை அறியார் என்பது இன்று புனைவுலகில் வேரூன்றிய நம்பிக்கை. நகைச்சுவையும் கதைத் திருப்பமும் அதன்மேல் கட்டப்படுகின்றன. அந்நம்பிக்கை பாதி உண்மையே என்பதும், மறுபாதி அம்மாந்தரின் குடும்பத்தாரிடம் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. குடும்பம் எங்கே உரைகாரராகக் காட்டப்படுகிறதோ அங்கே படைப்பு உயிர்பெறுகிறது. எங்கே குற்றவாளியாகவோ தியாகியாகவோ மட்டும் காட்டப்படுகிறதோ அங்கே மாந்தரும் பொம்மையாகிவிடுகின்றனர். இக்கருத்தைச் சில படைப்புகளைக்கொண்டு நிறுவி, அத்தகைய படைப்புகளைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் இலக்கணச் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. சொல்லும் அதன் சுமையும்

ஆட்டிசம் என்னும் சொல், 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆக்கப்பட்டது. சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் ஒய்கன் பிளாய்லர் 1911ஆம் ஆண்டு நூலில் அதனை மனச்சிதைவின் ஓர் அறிகுறிக்குப் பெயராக வழங்கினார். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் 1943இலும், வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இலும் குழந்தைகளின் தனித்ததொரு நிலையைக் குறிக்க அதே சொல்லை எடுத்தாண்டனர். 2013ஆம் ஆண்டின் அமெரிக்க மனநல வகைப்பாடு ஆஸ்பெர்கர் என்னும் தனிப்பெயரை நீக்கி, எல்லாவற்றையும் ஒரே நிறமாலையாகக் கொண்டது. இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சுட்டி ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக அதனைச் சேர்த்தது.

தமிழில் 'மதியிறுக்கம்' என்னும் சொல் பெருவழக்குப் பெற்றுள்ளது. அச்சொல் ஓர் உருவகம் என்பதைக் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் கருத வேண்டும். மதி இறுகிக் கிடக்கிறது என்றால், இறுக்கியவர் யார், தளர்த்துவது எங்ஙனம் என்னும் வினாக்கள் தாமே எழுகின்றன. பெற்றோர் பலர் 'ஆட்டிசம்' என்னும் கடன்சொல்லையே விரும்பி வழங்குகின்றனர். பொருள் விளங்காத சொல், தவறான பொருளை விளக்கும் சொல்லினும் தீங்கற்றது. இக்கட்டுரையும் அதனையே ஆள்கிறது.

2. கானரின் இரு கட்டுரைகள்

கானர் 1943இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவருள் எண்மர் பேச்சுத்திறன் பெற்றவர், மூவர் பேசாதவர். பேசிய குழந்தைகளிடம் அவர் கண்ட மொழிக்கூறுகள் மூன்று: கேட்டதைக் கேட்டவாறே திரும்பச் சொல்லும் எதிரொலிப் பேச்சு; தன்மைக்கு முன்னிலையும் முன்னிலைக்குத் தன்மையும் வருகிற இட மாற்றம்; சொற்பொருளை நேர்ப்பொருளாக மட்டுமே கொள்ளல். தமிழ் மொழியியலார் 'எதிரொலிச் சொல்' என்று வழங்கும் 'புலி கிலி' போன்ற இரட்டுக்கும் இங்குக் கூறப்படும் எதிரொலிப் பேச்சுக்கும் தொடர்பில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1946இல், அவரே மற்றொரு கட்டுரை எழுதினார். பொருத்தமற்றவை எனத் தோன்றும் இக்குழந்தைகளின் கூற்றுகள் உண்மையில் உருவகங்கள் என்பதே அதன் சாரம். அதில் வரும் சான்று ஒன்று மொழியியலார் மறக்கலாகாதது. ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் மருத்துவமனையில், நாயை மாடத்திலிருந்து எறியக்கூடாது என்னும் பொருள்பட ஒரு தொடரைச் சொன்னான். அங்கே நாயும் இல்லை, மாடமும் இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு லண்டன் விடுதி ஒன்றின் மாடத்திலிருந்து அவன் பொம்மை நாயைக் கீழே எறிந்துகொண்டிருந்தான். எடுத்துக் கொடுத்துச் சலித்த தாய் அத்தொடரைச் சொல்லிக் கடிந்தாள். அன்றுமுதல் எதையேனும் எறியும் எண்ணம் எழும்போதெல்லாம் அவன் அத்தொடரைச் சொல்லித் தன்னையே தடுத்துக்கொண்டான்.

இத்தொடர் எதிரொலி, இட மாற்றமும் உடையது, தாய் மகனிடம் சொன்னதை மகன் தனக்கே சொல்லிக்கொள்வதால். ஆயினும் ஒரு நாய்க்குச் சொன்னது எல்லாப் பொருளுக்கும் ஆகிவந்தமையால் அது பொருள்பெயர்ப்பும் ஆகிறது. நேர்ப்பொருள் மட்டுமே அறிந்த மனத்தால் இது கூடாது. பொதுமொழியின் உருவகம் ஊரார் அனைவர்க்கும் உரியது. இவ்வுருவகமோ ஒரு வீட்டுக்கு மட்டும் உரியது. அதன் திறவுகோல் தாயிடம் இருந்தது. அவளைக் கேட்டிராவிடின் மருத்துவரின் குறிப்பேட்டில் அத்தொடர் பொருளற்ற பேச்சு என்றே பதிவாகியிருக்கும்.

கானரின் முதற் கட்டுரையிலிருந்து புனைவுலகம் நிரம்ப எடுத்துக்கொண்டது. இரண்டாவதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை.

3. கோட்டையும் முற்றுகையும்

தாயைக் கேட்டுப் பொருள் அறிந்த கானரே பெற்றோர்மீது பழி விழவும் காரணமானார். 1949இல் எழுதிய கட்டுரையில், இக்குழந்தைகள் உறைபனி உருகாத குளிர்ப்பெட்டியில் வைக்கப்பட்டவர்போல் வளர்ந்தவர் என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். 'குளிர்ப்பெட்டித் தாய்' என்னும் வசை அதன் வழியே பரவியது. புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் 'தி எம்ட்டி ஃபோர்ட்ரஸ்' என்னும் நூலில் அக்கொள்கையை விரித்தெழுதினார். தாமே ஆட்டிசமுடைய மகனின் தந்தையான பெர்னார்டு ரிம்லாண்டு 1964ஆம் ஆண்டிலேயே உயிரியற் சான்றுகளால் அதனை மறுத்திருந்தும் பழி உடனே நீங்கவில்லை.

அதே 1967இல் கிளாரா கிளெய்போர்ன் பார்க் என்னும் தாய் தம் மகளைப் பற்றி எழுதிய 'தி சீஜ்' என்னும் நூலும் வெளிவந்தது. முன்னதன் தலைப்பு வெற்றுக் கோட்டை. பின்னதன் தலைப்பு முற்றுகை. இரு நூல்களும் ஒரே உருவகத்தின் இரு பக்கங்கள். புறத்திணையியலின் சொல்லால் கூறின், தாய் உழிஞை சூடியவளாகிறாள். ஆனால் அவள் வளைத்திருப்பது பகைவன் அரணை அன்று, தன் மகளின் மௌனத்தை. குழந்தையின் உள்ளம் மதில், குடும்பம் வெளியே நிற்கும் படை என்னும் இப்படிமம் பின்வந்த புனைவுகளின் கதைப்பின்னலைப் பெரிதும் வகுத்தது. மதில் உடைந்தால் கதை முடியும்; குழந்தை ஒரு முறை 'அம்மா' என்றால் திரை விழும். வீட்டுக்குள் நாள்தோறும் நடக்கும் பொருள்கோள் இப்பின்னலில் இடம்பெறுவதில்லை.

4. பெஞ்சி: உரைகாரரை இழந்த வீடு

வில்லியம் ஃபாக்னரின் 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி' 1929இல், கானரின் முதற் கட்டுரைக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே, வெளிவந்தது. அதன் முதற்பகுதியைக் கூறும் பெஞ்சி 33 வயதினன்; பேச்சற்றவன். நூல் அவனுக்கு நோய்ப்பெயர் எதுவும் தரவில்லை. அக்கால வழக்கின்படி மதியிலி என்றே பிறர் அவனைக் குறிக்கின்றனர். பிற்கால வாசகர் சிலர் அவனிடம் ஆட்டிசத்தைக் கண்டனர். அப்பெயர் பொருந்துமா என்பதினும் அவன் கூற்றின் இலக்கணமே இங்கு முதன்மையானது.

ரோஜர் ஃபௌலர் 1977இல் 'மனநடை' என்னும் கருத்தை வகுத்தார். ஒரு மாந்தர் உலகைக் காணும் முறை அவர் கூற்றின் தொடரமைப்பில் பதிந்திருக்கும் என்பது அதன் கருத்து. ஜெஃப்ரி லீச், மிக் ஷார்ட் இருவரும் 1981இல் பெஞ்சியின் கூற்றை ஆராய்ந்து, அடித்தல் என்னும் செயப்படுபொருள் குன்றா வினையைச் செயப்படுபொருளின்றி அவன் ஆள்வதைச் சுட்டினர். வேலிக்கு அப்பால் சிலர் அடிக்கின்றனர். எதை என்பது கூற்றில் இல்லை. அது கோல்ஃப் ஆட்டம் என்பதை வாசகரே உய்த்துணர வேண்டும்.

அம்மைதானம் ஒரு காலத்தில் அவன் குடும்பத்தின் மேய்ச்சல் நிலம். ஆட்டக்காரர் மட்டை சுமக்கும் ஆளைக் கூவி அழைக்குந்தோறும் பெஞ்சி ஓலமிடுகிறான். அவ்வாளைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், வீட்டை விட்டுச் சென்ற அவன் தமக்கையின் பெயரும் ஒலியால் ஒன்று. ஊரார்க்கு அது காரணமற்ற ஓலம். வீட்டின் வரலாறு அறிந்தார்க்கு அது பெயர் கேட்டு எழும் அழுகை. கானர் பின்னர் மருத்துவக் குறிப்பாக எழுதியதை ஃபாக்னர் முன்னரே கதையாக எழுதியுள்ளார் எனலாம்.

இங்கு மொழிபெயர்ப்பாளர்க்கு இடர் ஒன்று உண்டு. அவ்வொலியைத் தமிழில் 'கேடி' என்று எழுதினால் காவல்துறை வழக்கின் போக்கிரி நினைவுக்கு வருவான். 'காடி' என்று எழுதினால் புளித்த கஞ்சி நினைவுக்கு வரும். பெயரை மாற்றி அமைப்பதா, அடிக்குறிப்பு இடுவதா என்பது சிறிய வினாவன்று. பெஞ்சியின் துயரம் முழுவதும் அவ்வொலி ஒப்புமையின்மேல் நிற்கிறது.

சிறுமியாக இருந்தபோது அத்தமக்கை அவன் என்ன சொல்ல வருகிறான் என்று கேட்டுக் கேட்டு அறிய முயல்கிறாள். அவள் போனபின் வீட்டில் எஞ்சுவது 'சும்மா இரு' என்னும் அதட்டல். முதிய பணிப்பெண் டில்சி மட்டுமே ஓரளவு விதிவிலக்கு. பின்னொரு நாள் வாயிற்கதவருகே பள்ளிச் சிறுமியரிடம் அவன் எதையோ சொல்ல முயல்கிறான். அது தாக்குதலாகக் கொள்ளப்பட்டு அவனுக்கு ஆண்மை நீக்கம் செய்யப்படுகிறது. உரைகாரர் இல்லாத மொழிக்கு நேரும் கதி அது. குடும்பத்தை ஃபாக்னர் நல்லவர் தீயவர் என்று பிரிக்கவில்லை. கேட்பவர், கேளாதவர் என்று பிரித்தார்.

5. கிறிஸ்டோபர்: உருவகத்தை மறுப்பவன்

மார்க் ஹேடனின் 'தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்' 2003இல் வெளிவந்து அவ்வாண்டின் விட்பிரெட் பரிசைப் பெற்றது. ஸ்விண்டன் நகரில் வாழும் கிறிஸ்டோபர் என்னும் பதினைந்து வயதுச் சிறுவன், அண்டை வீட்டு நாயைக் கொன்றவர் யார் என்று துப்பறிகிறான். இயல்களுக்குப் பகா எண்களை இடுகிறான். நூலினுள் ஆஸ்பெர்கர் என்னும் பெயர் இல்லை. பதிப்பகத்தாரின் அட்டைக் குறிப்பே அதனைச் சேர்த்தது. இன்று இத்துறையில் மிகுதியாக ஆராயப்படும் புதினங்களுள் இதுவும் ஒன்று. எலினா செமினோ 2014இல் வெளியிட்ட ஆய்வு, ஆட்டிசம் பற்றிய புதினங்களில் உரையாடற் பிறழ்ச்சிகள் பாத்திரப் படைப்பாகும் முறையை விளக்குகிறது.

கிறிஸ்டோபர் உருவகத்தைப் பொய் என்கிறான். உவமையைப் பொய் என்று தள்ளுவதில்லை. தமிழ் அணியிலக்கணம் பயின்றார்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. உவமையில் ஒப்புமை உருபு வெளிப்பட நின்று, ஒன்று வேறொன்றைப் போன்றது என்று மட்டுமே கூறுகிறது. உருவகமோ வேற்றுமையை மறைத்து இரண்டையும் ஒன்றாக்குகிறது. சிறுவனின் மறுப்பு அறியாமையன்று. அது ஒருவகை வாய்மைக் கொள்கை. அவன் தன் மனத்தை விளக்க ரொட்டி அறுக்கும் பொறியை எடுத்துக்காட்டுகிறான். துண்டுகள் தேங்கி அடைத்துக்கொள்வதுபோல் செய்திகள் மிகும்போது தன் மனம் அடைபடுகிறது என்பது அவன் விளக்கம். உருவகம் அறியாதவன் என்று அவனைக் குறிக்கும் திறனாய்வு இவ்விடத்தைக் காணத் தவறுகிறது.

நூலின் உண்மையான வலிமை அவன் பெற்றோரிடம் இருக்கிறது. தாய் இறந்தாள் என்று தந்தை சொன்னது பொய். அவள் லண்டனில் வாழ்கிறாள். அவள் எழுதிய கடிதங்களைத் தந்தை மறைத்துவைத்திருக்கிறார். நாயைக் கொன்றவரும் அவரே. பொய்யை வெறுக்கும் மகனுக்கு வாழ்வில் நேரும் பெரும்பொய் உருவகமன்று. நேர்ப்பொருளிலேயே சொல்லப்பட்ட ஒரு வாக்கியம். தன் பொறுமை குன்றியதைத் தாய் கடிதங்களில் ஒப்புக்கொள்கிறாள். அவள் குளிர்ப்பெட்டியும் அல்லள், தெய்வமும் அல்லள்.

இக்குடும்பத்துக்கென்று ஒரு குறிமொழி உண்டு. மகன் தழுவலை விரும்பாதவன். ஆதலால் பெற்றோர் விரல்களை விசிறிபோல் விரித்து நீட்ட, அவனும் தன் விரல்களை விரித்து அவற்றின் நுனியைத் தொடுவான். அன்பு என்னும் சொல்லின் வீட்டு மொழிபெயர்ப்பு அது. நாயைக் கொன்றதை ஒப்புக்கொண்டபின் தந்தை கையை விரித்து நீட்டுகிறார், மகன் தொடவில்லை. உணர்ச்சிச் சொல்லோ வருணனையோ இல்லாத அவ்விடத்தில் ஒரு குடும்பம் உடைவதை வாசகர் காண்கிறார். அக்குறியின் பொருளை முன்னரே கற்றுவிட்டமையால் வாசகரும் அவ்வீட்டாருள் ஒருவராகிவிடுகிறார்.

6. வேறு சில படைப்புகள்

எலிசபெத் மூன் ஆட்டிசமுடைய மகனை வளர்த்தவர். அவருடைய 'தி ஸ்பீட் ஆஃப் டார்க்' 2003ஆம் ஆண்டின் நெபுலா பரிசு பெற்றது. நாயகன் லூ தன்மை இடத்தில், நிகழ்காலத்தில் பேசுகிறான். பிறர் பார்வையில் வரும் பகுதிகள் படர்க்கையில் அமைகின்றன. ஆட்டிசத்தை நீக்கும் சிகிச்சைக்கு அவன் உடன்பட்டபின் அவன் மொழி சிதறி, வேறொரு மொழியாகக் கூடுகிறது. மாந்தர் மாறியதை ஆசிரியர் நடையின் மாற்றத்தாலேயே காட்டுவது பாராட்டத்தக்கது. பெற்றோர் கதைக்கு முன்னரே இறந்துவிட்டதால் அவர்கள் கற்பித்தவை லூவின் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. இக்குறையை நூல் உணர்ந்தே இருக்கிறது: சிகிச்சைக்குப் பிந்திய லூவைப் பழைய லூவோடு ஒப்பிட்டுச் சொல்ல வீட்டில் எவரும் இல்லை.

1988ஆம் ஆண்டின் 'ரெய்ன் மேன்' திரைப்படம் ஆட்டிசத்தை உலகறியச் செய்தது. ஆட்டிசமுடையோர் எல்லாரும் கணக்கிற் புலிகள் என்னும் பிழைக் கருத்தையும் பரப்பியது. ஆனால் அதன் தலைப்புக் கவனிக்கத்தக்கது. ரேமண்ட் என்னும் பெயரை மழலையில் தம்பி திரித்துச் சொன்னதே அது. கற்பனைத் தோழன் என்று தான் நினைத்திருந்த பெயர் தன் தமையனுக்கு உரியது என்பதைத் தம்பி உணரும் காட்சியே படத்தின் உயிர். அங்கே வீட்டுச் சொல்லின் பொருளை மறந்தவன் ஆட்டிசமுடையவன் அல்லன்; மற்றவன்.

இந்திய மொழிகளில் 2010இல் வந்த 'மை நேம் இஸ் கான்' என்னும் இந்திப் படத்தில், தாய் கோட்டோவியம் வரைந்து, மனிதருள் நல்லவர் தீயவர் என்னும் இரு வகையே உண்டு என்று மகனுக்குக் கற்பிக்கிறாள். அவ்விளக்கத்தை அவன் வாழ்நாள் முழுதும் நேர்ப்பொருளாகவே கடைப்பிடிக்கிறான். தமிழில் 2013இல் வந்த 'ஹரிதாஸ்' தாயற்ற மகனையும் காவல்துறையில் பணியாற்றும் தந்தையையும் காட்டுகிறது. மகன் ஓட்டத்தில் திறன் பெறுவதோடு கதை நிறைவை நாடுகிறது. திறன் வெளிப்பட்டால்தான் குழந்தைக்கு மதிப்பு என்னும் முடிவு இத்தகைய படங்களின் பொதுக்குறை. ஆட்டிசம் பற்றித் தமிழில் தொடர்ந்து எழுதிவரும் யெஸ். பாலபாரதியின் 'துலக்கம்' புதினமும் அவர்தம் கட்டுரை நூல்களும், பெற்றோர் தரப்பின் அறிவைத் தமிழ் உரைநடைக்குக் கொண்டுவந்தவை என்னும் வகையில் குறிப்பிடத்தக்கவை.

ஜப்பானிய எழுத்தாளர் கென்சபுரோ ஓஎயின் சான்றும் இங்கு வேண்டும். அவருடைய மகன் மூளைக் குறைபாட்டோடு பிறந்தவர். அந்நிலையை ஆட்டிசம் என்னும் ஒரு சொல்லில் அடக்க இயலாது. ஆயினும் 1994ஆம் ஆண்டின் நோபல் உரையில் ஓஎ கூறிய செய்தி கானரின் சான்றோடு ஒத்தது. மனிதக் குரலுக்குச் செவிசாய்க்காத அம்மகன் ஆறு வயதில் பறவை ஒன்றின் ஒலியைக் கேட்டு, இசைத்தட்டில் பறவைகளை அறிமுகப்படுத்தும் அறிவிப்பாளரின் குரலிலேயே அதன் பெயரைச் சொன்னார். எதிரொலிப் பேச்சு என்று தள்ளத்தக்க அதனை உரையாடலின் தொடக்கம் என்று பெற்றோர் ஏற்றனர். உலகப் பொருள்களுக்கெல்லாம் மகனுக்கு விளங்கும் வரையறை எழுத முனையும் தந்தை ஒருவர், 1983ஆம் ஆண்டில் வெளிவந்த ஓஎயின் புனைவு நூலொன்றில் வருகிறார். குடும்பம் அகராதியாவதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

7. தமிழாக்கத்தின் இலக்கணச் சிக்கல்கள்

மனநடை தொடரமைப்பில் பதிந்திருக்குமாயின், தொடரமைப்பை மாற்றும் மொழிபெயர்ப்பு மனத்தையே மாற்றிவிடும். தமிழில் இவ்விடர் ஐந்து இடங்களில் மிகுதி.

7.1 எச்சமும் முற்றும். கிறிஸ்டோபரைப் போன்ற கூற்றாளர் நிகழ்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவர். ஒன்றை மற்றொன்றுக்குக் கீழ்ப்படுத்துவது குறைவு. தமிழ் உரைநடை வினையெச்சத்தால் இயங்குவது. 'கதவைத் திறந்து உள்ளே போனபோது நாய் படுத்திருந்தது' என்பது இயல்பான தமிழ், 'கதவைத் திறந்தேன். உள்ளே போனேன். நாய் படுத்திருந்தது' என்பது அம்மனநடைக்கு நெருங்கிய தமிழ். முன்னது எது முதன்மை, எது பின்னணி என்று தீர்ப்பளித்துவிடுகிறது. நடை நன்றாக ஓட வேண்டும் என்னும் பதிப்பாசிரியரின் விருப்பம் இங்கே பாத்திரத்தை அழித்துவிடும். எனினும் எல்லா எச்சங்களையும் முற்றாக்கினால் தமிழ்க் குழந்தையும் பேசாத செயற்கைத் தமிழ் தோன்றும். 'எடுத்துக்கொண்டு வந்தேன்' போன்றவற்றில் எச்சத்தை நிறுத்தி, தனி நிகழ்ச்சிகளுக்கு இடையே மட்டும் முற்றைப் பயன்படுத்தல் தகும்.

7.2 இட மாற்றம். நீர் வேண்டும் குழந்தை, தாய் கேட்ட வினாவையே திருப்பி 'உனக்குத் தண்ணி வேணுமா?' என்று கேட்கலாம். 'வேண்டும்' என்னும் வினை இடம் காட்டுவதில்லை. 'உனக்கு' என்பதும் பேச்சில் பெரும்பாலும் தொகும். எஞ்சும் 'தண்ணி வேணுமா?' என்பதில் பிறழ்ந்து நிற்பது இடப்பெயர் அன்று, வினா இடைச்சொல். 'சாப்பிடறியா?' என்பதிலோ விகுதி முன்னிலையைக் காட்டிவிடுகிறது. மேலும் தமிழ்த் தாய் குழந்தையிடம் 'அம்மா தரேன்' என்று தன்னையே முறைப்பெயரால் குறிக்கிறாள்; குழந்தை தன்னைப் பெயரால் குறிப்பதும் இயல்பு. ஆகவே ஆங்கில நூலின் இடப்பெயர் மாற்றத்தைத் தமிழ் இடப்பெயரில் தேடுவது வீண். வினா உருபிலும் வினை விகுதியிலும் அதனைக் காட்ட வேண்டும். மேலோட்டமாக வழுவாகத் தோன்றுவதைக் காரணம் அறிந்து அமைத்துக்கொள்ளும் வழுவமைதி என்னும் கோட்பாடு நம் இலக்கண மரபில் உண்டு. இக்குழந்தைகளின் பேச்சை நோக்கவும் அது உதவும்.

7.3 மரபுத்தொடர். மிக அன்புக்குரியவரைக் கண்ணின் ஆப்பிள் என்பது ஆங்கில வழக்கு. கண்ணுக்குள் ஆப்பிளை எண்ணிப் பார்த்துக் குழம்புகிறான் கிறிஸ்டோபர். 'கண்மணி' என்று பெயர்த்தால் பொருள் வரும், குழப்பம் போய்விடும். கண்ணுக்குள் மணி இருப்பது உண்மையாதலின். இங்கே பெயர்க்க வேண்டியது தொடரின் பொருளன்று, அதன் விசித்திரம். 'காது குத்துதல்', 'கை நீட்டுதல்', 'தலையில் மிளகாய் அரைத்தல்' போன்ற, தமிழர் காட்சி காணாமலே சொல்லும் தொடர்களைத் தேர்வது நன்று. இவற்றுள் காது குத்துதல் உண்மையில் நிகழும் சடங்காகவும் இருப்பதால் நேர்ப்பொருள் மயக்கத்துக்கு மிகப் பொருந்தும்.

7.4 முறைப்பெயரும் உயர்வு விகுதியும். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் உறவினரைக் கிறிஸ்டோபர் குறிக்கும் ஆங்கிலச் சொல், பெரியப்பா, சித்தப்பா, மாமா அனைவர்க்கும் பொது. துல்லியம் விரும்பும் அவன் ஆங்கிலத்தில் துல்லியமின்றிப் பேச, தமிழ் அவனைத் துல்லியமாகப் பேச வற்புறுத்துகிறது. உயர்வு விகுதி இன்னும் நுட்பமானது. தந்தையின் பொய் வெளிப்பட்டபின் 'அவர்' என்பது 'அவன்' ஆகுமா? ஆகலாகாது. ஆங்கிலத்தில் மாறாத இடப்பெயரைத் தமிழில் மாற்றினால், சிறுவன் சொல்லாத சினத்தை இலக்கணம் சொல்லிவிடும். அவனுக்கு அச்சம் உண்டு. இழித்துரைக்கும் நோக்கம் இல்லை.

7.5 தாயின் எழுத்துப்பிழை. கிறிஸ்டோபரின் தாய் எழுதும் கடிதங்களில் எழுத்துப்பிழைகள் உள்ளன. மகன் பிழையின்றி எழுதுகிறான். மொழிபெயர்ப்பாளர் பிழைகளைத் திருத்திவிட்டால் அவள் நன்கு கற்றவளாகிறாள்; யார் மொழியில் குறையுடையவர் என்று நூல் எழுப்பும் வினாவும் மறைகிறது. ல, ழ, ள மயக்கமும் ர, ற மயக்கமும் தமிழில் அப்பிழைக்குத் தக்க வடிவங்கள். அவை நகைப்புக்கு உரியனவாகாமல், விரைந்தும் கலங்கியும் எழுதிய கைக்கு உரியனவாகத் தோன்றும் அளவில் நிற்க வேண்டும்.

8. முடிவுரை

ஆட்டிசமுடைய ஆய்வாளரான டேமியன் மில்ட்டன் 2012இல் 'இருவழிப் பரிவுச் சிக்கல்' என்னும் கருத்தை முன்வைத்தார். புரிதலின்மை ஆட்டிசமுடையவரிடம் மட்டும் இருக்கும் குறையன்று, இரு தரப்பினர்க்கும் இடையே நிகழ்வது என்பது அதன் கருத்து. மொழிபெயர்ப்பாளர் இதனை எளிதில் ஏற்பர். ஒரு நூல் விளங்காதபோது அதன் மொழி குறையுடையது என்று அவர் கூறுவதில்லை; தமக்கு அம்மொழி போதவில்லை என்றே கருதுவர்.

புனைவு இதுவரை பெரும்பாலும் பேசும் ஆட்டிசத்தையே தேர்ந்தெடுத்துள்ளது. கானரின் பதினொருவருள் பேசாத மூவர்க்குப் புனைவில் கிடைத்த இடம் மிகச் சிறிது. அவர்களைப் பற்றி எழுத விழையும் தமிழ் எழுத்தாளர், குழந்தையின் உள்ளத்துள் புகுந்து தன்மைக் கூற்றாக எழுதுவதற்கு முன் அவ்வீட்டின் பேச்சைப் பதிவு செய்தல் வேண்டும். எந்தக் குரலுக்குக் கதவு திறக்கிறது, எந்தப் பாட்டுக்கு உணவு இறங்குகிறது, 'பேருந்து' என்றால் அவ்வீட்டில் எதைக் குறிக்கும் என்பனவற்றைப் பெற்றோரும் உடன்பிறந்தோரும் அறிவர். அவ்வறிவு எந்த அகராதியிலும் ஏறவில்லை. அவர்களுக்குப் பின் எஞ்சப்போவதும் இல்லை.

கிரேக்க மொழியில் உருவகத்தைக் குறிக்கும் சொல்லும், இலத்தீனில் மொழிபெயர்ப்பைக் குறிக்கும் சொல்லும் ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்துக்குக் கொண்டுசெல்லல் என்னும் ஒரே பொருளில் பிறந்தவை. தொல்காப்பிய மரபியலும் வழிநூல் வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்ப்பைக் கூறுகிறது. மாடத்திலிருந்து நாயை எறியக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சிறுவன் ஒரு சொல்லை ஓரிடத்திலிருந்து பிறிதோரிடத்துக்குக் கொண்டுசென்றான். அவன் தாய் அதனை மருத்துவரிடம் கொண்டுசேர்த்தாள். இவ்விருவருள் ஒருவரை விட்டுவிட்டு மற்றவரை மட்டும் காட்டும் புனைவு, மூலத்தையோ உரையையோ இழந்த நூலாகவே நிற்கும்.